மறுபிறவிக்குச் சீட்டுக் கட்டுகிறார்களா? பர்மாவின் தானமும் பௌத்தம் சொல்லும் தன்னலமும்

யாங்கோனில் பொழுது முழுதாக விடியுமுன்பே பொங்கிமார் வரிசை தெருவுக்குள் வந்துவிடும். பிக்குவைக் குறிக்கும் பர்மியச் சொல்லை நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகப் ‘பொங்கி’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். ரங்கூன் யாங்கோன் ஆன பிறகும் அது மாறவில்லை. வெறுங்கால், துவராடை, மார்போடு அணைத்த கரிய திருவோடு. சோற்றுக் குண்டானோடு வாசலில் நிற்கும் பெண் ஒவ்வொரு ஓட்டிலும் ஒரு கரண்டி வைப்பாள். வாங்கியவர் நன்றி சொல்வதில்லை, நிமிர்ந்து பார்ப்பதுமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவது கொடுத்தவள்தான். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் முதல்முறை பார்க்கும்போது இந்த இடத்தில்தான் திகைப்பார்கள். இதில் யார் யாருக்குப் பிச்சை போடுகிறார்கள்?

மளிகைக் கடை வைத்திருந்த என் பெரியப்பாவிடம் இதற்கு ஒரு விளக்கம் இருந்தது. “தானம் என்றா நினைத்தாய்? மறுபிறவிக்குச் சீட்டுக் கட்டுகிறார்கள், தம்பி. தவணை தவறாமல் கட்டினால் அடுத்த பிறப்பில் விழும்.”

அவர் சொன்னதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. எந்தப் பயாவுக்குப் (பௌத்தக் கோயிலுக்கு) போனாலும் தூணிலும் தரையோட்டிலும் சுவரிலும் கொடுத்தவர் பெயர், ஊர், கொடுத்த தொகை. பயா கட்டியவர் ‘பயா தகா’, மடம் கட்டியவர் ‘சௌங் தகா’. அதற்குப் பிறகு ஊர் அவரை அந்தப் பட்டத்தோடு சேர்த்துத்தான் கூப்பிடும். பிரிட்டனின் சாரிட்டிஸ் எய்ட் ஃபவுண்டேஷன் வெளியிட்ட உலகக் கொடைப் பட்டியலில் இந்த நாடு 2014-இல் அமெரிக்காவோடு சேர்ந்தும், 2015 முதல் 2017 வரை தனியாகவும் முதலிடத்தில் இருந்தது. கடந்த ஒரு மாதத்தில் பணம் கொடுத்தீர்களா என்ற கேள்விக்குப் பத்தில் ஒன்பது பேர் ஆம் என்றார்கள். ஆசியாவின் மிக ஏழை நாடுகளில் ஒன்று இது. வயிற்றைக் கட்டிக் கொடுக்கும் இந்த மக்கள் இரக்கத்தால் கொடுக்கிறார்களா, புண்ணியம் சேர்க்கக் கொடுக்கிறார்களா? புண்ணியத்துக்கு என்றால், அது தன்னலத்தின் இன்னொரு பெயர்தானே?

தமிழில் இது பழைய கேள்வி. இந்தப் பிறப்பில் செய்வது அடுத்த பிறப்புக்கு ஆகும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும் ‘அறவிலை வணிகன் ஆய் அலன்’ என்று புறநானூற்றின் 134-ஆம் பாட்டில் முடமோசியார் ஆய் அண்டிரனைப் புகழ்கிறார். பெரியப்பாவின் ‘சீட்டு’க்குச் சங்ககாலப் பெயர் அறவிலை. இதே சொல்லை நம்முடைய பௌத்தக் காப்பியமான மணிமேகலையும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அங்கே பொருள் சற்றுத் திரும்புகிறது. ‘ஆற்றுநர்க்கு அளிப்போர் அறவிலை பகர்வோர்’ என்கிறது அது. திருப்பித் தரக்கூடியவனுக்குக் கொடுப்பவன்தான் அறத்தை விற்பவன்; திருப்பித் தர வழியற்றவரின் பசியைத் தீர்ப்பவர் பக்கமே உலகின் மெய்யான வாழ்க்கை இருக்கிறது. ‘உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே’ என்ற, எல்லாரும் அறிந்த வரி அடுத்து அங்கேதான் வருகிறது. கொடுப்பவன் மனத்துக்குள் புகுந்து சோதிக்காமல், வாங்குபவனைக் காட்டித் தீர்ப்புச் சொல்வது சாத்தனாரின் வழி.

புத்தரின் போதனைகளைத் தாங்கிய பாலி மொழி நூல்களோ கொடுப்பவனின் மனத்துக்குள்ளேயே போகின்றன. போகும் வழிதான் எதிர்பாராதது. தன்னலம் தீது, அதை விடு என்று அவை தொடங்குவதில்லை. கோசல மன்னன் பசேனதி ஒருநாள் மாளிகை மேல்தளத்தில் அரசி மல்லிகையோடு இருக்கிறான். “உன்னைவிட உனக்கு அன்பானவர் வேறு யாராவது உண்டா?” என்று கேட்கிறான். ‘நீங்கள்தான்’ என்ற பதிலை எதிர்பார்த்திருப்பான். எந்தக் கணவன்தான் எதிர்பார்க்க மாட்டான்? மாலை கட்டுவோர் குடும்பத்திலிருந்து அரசியாக வந்த அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. என்னைவிட எனக்கு அன்பானவர் யாரும் இல்லை, உங்களுக்கு எப்படி என்கிறாள். யோசித்துப் பார்த்து, எனக்கும் அப்படித்தான் என்கிறான் அரசன். குறையோடு புத்தரிடம் போகிறான். அவர் அரசியைக் கடிந்துகொள்ளவில்லை. எல்லாத் திசைகளிலும் மனத்தால் சுற்றி வந்தாலும் தன்னைவிட அன்பான ஒன்றை எங்கும் காண முடியாது. மற்ற ஒவ்வொருவருக்கும் அவரவர் உயிர் அப்படியே. ஆகவே தன்னை நேசிப்பவன் பிறரைத் துன்புறுத்தக் கூடாது என்கிறார்.

முதலடியில் தன்னலத்தை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டாகிவிட்டது. அதை அடக்கச் சொல்லாமல், எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். எனக்கு நான் என்பது உண்மையானால், எதிரில் நிற்பவனுக்கு அவன் என்பதும் அதே அளவு உண்மை. கருணையின் ஊற்றுக்கண்ணைத் தன்னலம் இருக்கும் இடத்திலேயே தோண்டுகிறார் புத்தர்.

மற்றொரு கதையில் வருபவர்கள் கழைக்கூத்தாடிகள். மூங்கில் கழியை நிறுத்திவிட்டு ஆசான் மாணவனிடம், “நீ என்னைப் பார்த்துக்கொள், நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன், வித்தை காட்டிக் காசு வாங்கிப் பத்திரமாக இறங்குவோம்” என்கிறான். மாணவன் மறுக்கிறான். “ஆசானே, அது சரிவராது. நீங்கள் உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் என்னைப் பார்த்துக்கொள்கிறேன். அப்போதுதான் பத்திரமாக இறங்குவோம்.” கேட்க எவ்வளவு தன்னலமான பேச்சு! புத்தர் மாணவன் பக்கம் நிற்கிறார். தன்னைக் காப்பவன் பிறரைக் காக்கிறான், பிறரைக் காப்பவன் தன்னைக் காக்கிறான் என்று இரண்டையும் சேர்த்து முடிக்கிறார். முதலாவது மனப்பயிற்சியால் நடப்பது. இரண்டாவது பொறுமையாலும் கொல்லாமையாலும் நட்பாலும் இரக்கத்தாலும் நடப்பது. கழியின் நுனியில் நிற்பவன் தன் கால் நடுங்காமல் பார்த்துக்கொள்வதே கீழே நிற்பவனுக்குச் செய்யும் உதவி. கழைக்கூத்து பார்த்த தமிழனுக்கு இதற்கு உரை தேவையில்லை.

கருமியைப் பற்றிய கதை ஒன்றும் உண்டு. பாலியில் அவன் ‘சேட்டி’, நம் ‘செட்டி’யின் உறவுக்காரச் சொல். சாவத்தி நகரில் வாரிசின்றி இறந்தவன். பொன்னாக மட்டும் எண்பது லட்சம் இருந்தது, மற்றவை தனி. அவன் உண்டதோ நொய்க்கஞ்சி, உடுத்தது முரட்டுச் சணல் துணி, ஏறிப்போனது ஓலை வேய்ந்த பழைய வண்டி. இப்படிப்பட்டவன் செல்வத்தை வைத்துத் தன்னையும் மகிழ்விக்கவில்லை, பெற்றோர், மனைவி மக்கள், வேலையாட்கள், நண்பர்கள் என்று எவரையும் மகிழ்விக்கவில்லை என்கிறார் புத்தர். வரிசையில் ‘தன்னை’ முதலில் வருவதைக் கவனிக்க வேண்டும். ஆளில்லாக் காட்டில், தெளிந்த நீரோடு, யாரும் குடிக்காமல் வற்றிப்போகும் தாமரைக்குளம் போன்றது அந்தச் செல்வம். ‘ஊருணி நீர்நிறைந் தற்றே’ என்ற குறளை இதற்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டு பேரும் ஒரே குளக்கரையில் நின்று பேசியதுபோல் இருக்கும்.

அவனுக்கு அத்தனை செல்வம் எப்படி வந்தது என்பதுதான் கதையின் கூர்மை. முற்பிறப்பில் ஒரு பச்சேக புத்தருக்கு (தானே ஞானம் பெற்றுத் தனித்து வாழும் முனிவருக்கு)ச் சோறு போடச் சொல்லிவிட்டு எழுந்து போனவன், பிறகு மனம் வருந்தினான்: அந்தச் சோற்றை என் வேலையாட்கள் தின்றிருந்தாலாவது ஆகியிருக்கும். கொடுத்ததால் செல்வம் வந்தது. வருந்தியதால் அதை அனுபவிக்க மனம் வரவில்லை. பர்மியர்கள் இதைப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். கொடுக்குமுன் உள்ள எண்ணம், கொடுக்கும்போது உள்ள எண்ணம், கொடுத்த பின் உள்ள எண்ணம் என்று மூன்று ‘சேதனா’. மூன்றும் தெளிவாக இருந்தால்தான் தானம் முழுமை. பாலியில் சேதனா என்றால் வெறும் எண்ணம், நோக்கம். எண்ணத்தையே நான் வினை என்கிறேன் என்று புத்தர் சொன்னதில் வருவது இந்தச் சொல். பர்மியப் பேச்சில் அது நல்லெண்ணம், பிரதிபலன் கேளாத அன்பு என்று பொருள் மாறிவிட்டது. கறிக்குள் சேதனா இருக்கிறது என்று சமைத்தவளைப் பாராட்டலாம். நோக்கத்தைக் குறிக்கும் சொல்லே நல்ல நோக்கத்தை மட்டும் குறிக்கும் சொல்லாக ஒரு மொழியில் மாறியிருக்கிறது என்றால், அந்த மக்கள் எதைத் திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறார்கள் என்று தெரிகிறது.

தன்னலத்துக்கு அவர்கள் சொல்லும் சொல்லும் பாலியிலிருந்து வந்ததுதான்: ‘அத்தா’. ஆன்மா, நான் என்று பொருள். (நம் முஸ்லிம் வீடுகளில் அத்தா என்றால் அப்பா, சிறு வயதில் இது எனக்குப் பெருங்குழப்பம்.) ஒருவன் தன்னலக்காரன், கர்வி என்பதற்கு அவனுக்கு அத்தா பெரியது என்பார்கள். அத்தா என்று ஒன்று இல்லவே இல்லை, அநத்தா, என்பது பௌத்தத்தின் அடிப்படைக் கொள்கை. இல்லாத ஒன்று எப்படிப் பெரிதாகும் என்று பண்டிதர்கள் கேட்கலாம். தெருப்பேச்சு கேட்பதில்லை, வீக்கம் இருக்கிறதே, அது போதும்.

வடக்கே போன பௌத்தம் இந்த அநத்தாவிலிருந்து ஒரு வாதத்தை உருவி எடுத்தது. எட்டாம் நூற்றாண்டின் சாந்திதேவர் கேட்கிறார்: காலில் முள் குத்தினால் கை ஏன் ஓடிவருகிறது? கால்வலி கையின் வலி இல்லையே. வலிக்குச் சொந்தக்காரன் என்று யாரும் இல்லாதபோது, எல்லா வலியும் வலி என்ற ஒரே காரணத்துக்காக நீக்கப்பட வேண்டியதுதான். அழகான வாதம். தேரவாத பர்மாவில் இதைப் பேசுபவர்கள் குறைவு. இங்கே பேசப்படுவது புத்தகோசர்.

ஐந்தாம் நூற்றாண்டில் விசுத்திமக்கம் எழுதிய புத்தகோசரைப் பர்மிய மரபு தத்தோனோடு சேர்த்துச் சொந்தம் கொண்டாடும். தத்தோன் தமிழர்கள் வாழும் ஊர்களில் ஒன்று என்பதால் நமக்கும் அதில் ஒரு சிறு மகிழ்ச்சி. ஆனால் அவருடைய உரைநூல்களின் முடிவுரையே அவர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைச் சொல்கிறது. அவர் காலத்தவரான புத்ததத்தர் உறையூர்க்காரர். பர்மிய மடங்களில் இன்றும் சிறுவர்கள் உருப்போடும் பாடங்களில் ஒரு பங்கு காவிரிக்கரையிலும் காஞ்சியிலும் வாழ்ந்தவர்கள் எழுதியது. நம் ஊரில் அதை மறந்துவிட்டோம், இங்கே மறக்கவில்லை.

நட்பைப் பயில்பவன் முதலில் தன்னிடமே தொடங்க வேண்டும் என்கிறார் புத்தகோசர். ‘நான் நலமாக இருப்பேனாக.’ இதற்கு அவர் காட்டும் சான்று மல்லிகைக் கதையின் அதே பாட்டு. தன்னைச் சாட்சியாக நிறுத்திக்கொண்டு, பிறகு வேண்டியவர், வேண்டுதல் வேண்டாமை இல்லாதவர், பகைவர் என்று ஒவ்வொருவராகப் போக வேண்டும். கடைசியில் ஒரு பரீட்சை வைக்கிறார். நால்வரும், அதாவது நீயும் அந்த மூவரும், ஓரிடத்தில் இருக்கிறீர்கள். கொள்ளையர் வந்து, கழுத்தை அறுத்துப் பலியிட உங்களில் ஒருவரைத் தா என்கிறார்கள். இவனைக் கொண்டுபோ என்று மூவரில் யாரைக் காட்டினாலும் நீ தேறவில்லை. சரி, ‘என்னைக் கொண்டுபோ, இவர்களை விடு’ என்றால்?

அப்போதும் தேறவில்லை என்கிறார்.

முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்தேன். ‘அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு’ என்று பள்ளியில் படித்தவனுக்கு இது எப்படிச் செரிக்கும்? எலும்பையே தருபவனை மதிப்பெண் போடாமல் திருப்பி அனுப்புகிறாரே. ஆனால் அவர் சொல்லும் காரணம் தெளிவானது. தன்னைக் கொடுக்க முன்வந்தவன் தன்னை மற்ற மூவரிலிருந்து பிரித்துத்தான் கொடுக்கிறான். எல்லை அழியாமல் நிற்கிறது, தள்ளிவிடப்பட்ட பக்கம்தான் மாறியிருக்கிறது. நால்வரில் ஒருவரையும் கொடுக்க மனம் வராதவனுக்கே ‘சீமாசம்பேதம்’, அதாவது எல்லை உடைதல், நிகழ்ந்தது. பாலியின் ‘சீமா’வும் நம் சீமையும் ஒரே சொல். தன்னைக் கரைத்துக்கொள்வது, தியாகம், என்றெல்லாம் நாம் கருணையைப் படம் பிடித்து வைத்திருக்கிறோம். பௌத்தத்தின் இந்தப் பக்கம் அதைச் சந்தேகத்தோடு பார்க்கிறது. கருணையின் தூரத்துப் பகை கொடுமை என்றால், பக்கத்துப் பகை சோகம் என்றும் புத்தகோசர் எழுதுகிறார். பிறர் துன்பம் கண்டு நாமும் விழுந்து அழுதால் அங்கே மறுபடி ‘நான்’ வந்து உட்கார்ந்துவிட்டது. கழியின் மேல் கால் நடுங்கிவிட்டது.

இதற்கு எதிரான குரலும் பௌத்தத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. மணிமேகலையின் ஆபுத்திரன், புண்ணியத்தின் பலனைத் தர வந்த இந்திரனைப் பார்த்து விலா நோகச் சிரிப்பான். பசித்தவரும் இல்லை, அறம் செய்பவரும் இல்லை, உன் தேவலோகத்தில் எனக்கு என்ன வேலை என்பான். பிறகு ஆளில்லாத் தீவில் அமுதசுரபியோடு தனியே விடப்பட்டபோது, உயிர்களைக் காக்கும் பாத்திரத்தை என் ஒருவன் வயிற்றுக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று உண்ணாதிருந்து உயிர் விடுவான். புத்தகோசர் இவனுக்கு எத்தனை மதிப்பெண் போடுவார் என்று நான் யோசித்ததுண்டு. புத்தரின் முற்பிறப்பாகச் சொல்லப்படும், பர்மியர் உருகிக் கேட்கும் வெஸ்ஸந்தரன் கதை இன்னும் கடினம். கொடையில் முழுமை பெறப் பெற்ற பிள்ளைகளையே ஒரு கொடிய பிராமணனுக்குத் தாரை வார்த்தவன் அவன். பிள்ளைகள் அழுதார்களே, பிறருக்குத் துன்பம் தரும் கொடை எப்படிப் புண்ணியம் ஆகும் என்று மிலிந்த மன்னன் நாகசேனர் என்ற பிக்குவைக் கேட்கிறான். நடக்க முடியாதவனை வண்டியில் ஏற்றிப் போனால் மாட்டுக்கு வலிக்கும், ஏற்றியவனுக்குப் புண்ணியம்தான் என்ற போக்கில் பதில் வருகிறது. மாட்டின் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. மிலிந்தன் கேள்வி கேட்டவரை நல்லது.

பெரியப்பாவின் சீட்டுக்குத் திரும்புவோம். அவருடைய உவமை உடைகிற இடம் ஒன்று இருக்கிறது. பர்மாவில் எந்தத் தானத்தின் முடிவிலும் பொங்கியின் முன் அமர்ந்து ஒரு சிறு கலத்திலிருந்து நீரைச் சொட்டுச் சொட்டாக வார்ப்பார்கள். பிறகு ‘அம்யா, அம்யா, அம்யா’ என்று மூன்று முறை. பங்கு கொள்ளுங்கள் என்று பொருள். கேட்பவர்கள் ‘தாது, தாது, தாது’ என்பார்கள். சாது என்ற பாலிச் சொல்லின் பர்மிய உச்சரிப்பு. தமிழில் தாரை வார்த்துவிட்டான் என்றால் கையில் ஒன்றும் இல்லை என்று பொருள். இங்கே தாரை வார்த்த புண்ணியம் கொடுத்தவனிடமும் குறையாமல் இருக்கிறது, கேட்டவனுக்கும் கிடைக்கிறது. விளக்கில் விளக்கை ஏற்றியதுபோல. ஒருவர் எடுத்தால் மற்றவர் காத்திருக்க வேண்டிய சீட்டு இப்படி நடக்காது. அடுத்தவன் செய்த நல்லதைக் கண்டு மகிழ்ந்தாலே பங்கு என்று ஆனபின், என்னுடையது என்ற சொல்லுக்கு வேலை குறைகிறது. தூணில் பெயர் பொறித்தவனுக்கும் அம்யா சொல்லாமல் முடியாது. ஒரே மனிதனிடம் அத்தா ஒரு பக்கம் வீங்குகிறது, மறுபக்கம் கசிகிறது.

சத்தியநாராயண் கோயங்காவின் கதை பலர் அறிந்தது. 1924-இல் மாந்தலேயில் பிறந்த மார்வாடி, வியாபாரி. தாங்க முடியாத ஒற்றைத் தலைவலி. நாட்டின் கணக்குத் துறைத் தலைவராக இருந்துகொண்டே தியானம் கற்பித்த ஊ பா கின்னிடம் போனார். தலைவலிக்கு மருந்தாக என்றால் வராதே என்று அவர் முதலில் திருப்பி அனுப்பினார். தன்னலத்தோடு வருவதைத் தடுக்கவில்லை. இவ்வளவு சிறிய தன்னலத்தோடு வராதே என்றார் என்றே நான் புரிந்துகொள்கிறேன். கோயங்கா 1969-இல் இந்தியாவுக்குக் கொண்டுபோன பத்து நாள் பயிற்சியின் இறுதியில், தனக்குக் கிடைத்ததை எல்லா உயிருக்கும் பங்கிடும் மெத்தா தியானம் இருக்கிறது. அதுவும் அம்யாவின் இன்னொரு வடிவம்.

எல்லையை உடை என்ற போதனை வாழும் நாட்டில் எல்லைகள் உடைந்தனவா? 2007 செப்டம்பரில் பிக்குகள் மெத்த சுத்தத்தை ஓதிக்கொண்டு யாங்கோன் தெருக்களில் நடந்தார்கள். ஒரே மகனைத் தாய் உயிரைக் கொடுத்துக் காப்பதுபோல் எல்லா உயிரிடமும் மனத்தை விரி என்ற பாட்டு. கூடவே ஆட்சியாளருக்கு எதிராகத் திருவோட்டைக் கவிழ்த்தார்கள். பிக்குகளின் ஒழுக்க விதிகளான விநயத்தில் இடமுள்ள தண்டனை அது. இன்னாரிடம் பிச்சை ஏற்க மாட்டோம் என்று சங்கம் அறிவிப்பது. பிச்சை மறுக்கப்பட்டால் பிச்சைக்காரனுக்குத்தானே நட்டம் என்று தோன்றும். இங்கே நடுங்கியது கொடுக்க வந்தவர்கள். வாசலில் யார் யாரைக் கும்பிடுகிறார்கள் என்ற புதிருக்கு விடை அதில் இருக்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து, 2017-இல், ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் எல்லை கடந்து ஓடிக்கொண்டிருந்தபோது, நாடறிந்த மூத்த பிக்கு சிதகு சயாடோ கயின் மாநிலத்தின் ராணுவப் பயிற்சி முகாம் ஒன்றில் அதிகாரிகளுக்கு இலங்கையின் பௌத்த வரலாற்று நூலான மகாவம்சத்திலிருந்து ஒரு கதை சொன்னார். போரில் எத்தனையோ பேரைக் கொன்று மனம் கலங்கிய சிங்கள மன்னன் துட்டகைமுனுவை எட்டு அரகந்தர்கள் (ஞானமடைந்த பிக்குகள்) தேற்றுகிறார்கள்: நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான், சரணம் மட்டும் புகுந்தவன் அரை, ஐந்து சீலமும் ஏற்றவன் ஒன்று, மற்றவர்கள் விலங்குக்கு ஒப்பானவர்கள்.

அந்த மற்றவர்கள் எல்லாளனின் படை. தமிழர்கள். பர்மியத் தமிழன் ஒருவன் இந்தச் செய்தியைப் படிக்கும்போது அவனுக்கு உள்ளே என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. புத்தகோசரின் நான்கு பேரில் ஒருவரையும் கொடுக்க முடியாத மனமும், லட்சம் பேரை ஒன்றரையாக்கும் கணக்கும் ஒரே மரபின் அலமாரியில்தான் இருக்கின்றன. எதை எடுத்து யாரிடம் ஓதுவது என்பது எடுப்பவரின் சேதனா.

இதைச் சொல்லும்போது நம் பக்கத்துப் பேரேட்டையும் திறக்க வேண்டும். 1852-இல் கீழ்ப் பர்மா பிரிட்டன் கைக்குப் போன பிறகு நாட்டுக்கோட்டையார் கடன்தான் ஐராவதி வடிநிலத்தை நெல்வயலாக்கியது. 1930-இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் அவர்கள் கையில் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம். நெல்விலை வீழ்ந்து கடன்கள் முறிந்தபின், 1938-க்குள் நூற்றுக்கு இருபத்தைந்து. நிலம் அவர்கள் ஆசைப்பட்டு வாங்கியது அல்ல, பணமாகத் திரும்பியிருந்தால் அதையே விரும்பியிருப்பார்கள் என்பது உண்மை. நிலத்தை இழந்தவனுக்கு அந்த உண்மையால் என்ன பயன்? அதே பேரேட்டில் கோயிலுக்கு மகமை தவறாமல் எழுதப்பட்டது. சத்திரமும் பள்ளியும் எழுந்தன, பெரும்பாலும் கடலுக்கு இந்தப்புறம் இல்லை, அந்தப்புறம். அறம் குறைவில்லாமல் நடந்தது, சீமைக்குள்ளே. 1964-இல் கடைகள் அரசுடைமையாகி, லட்சக்கணக்கானோர் கப்பலேறியபோது, எல்லை இரண்டு பக்கமும் அப்படியே நின்றிருந்தது தெரிந்தது.

தங்கியவர்கள் வீட்டுப் பூஜை மாடத்தில் முருகனுக்குப் பக்கத்தில் புத்தரும் இருக்கிறார். தமிழ்நாட்டில் அயோத்திதாசர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி, அது ரங்கூன் வரை கிளை விட்டதும் ஒரு வரலாறு. ஆனால் எங்கள் வீட்டுப் புத்தர் சங்கம் வழியாக வந்தவர் இல்லை, அக்கம்பக்கம் வழியாக வந்தவர். பர்மியப் புத்தாண்டான திஞ்சான் பண்டிகையில் தெருவோரம் யார் வந்தாலும் சோறு போடுவார்கள். ‘சதுதிதா’ என்று பெயர். சதுர் திசை, நான்கு திக்கிலிருந்தும் வருபவருக்கு. மல்லிகையின் கணவனுக்குப் புத்தர் மனத்தால் சுற்றிவரச் சொன்ன அதே திசைகள். எங்கள் தெருவில் அந்தப் பந்தலுக்கு அரிசி தமிழ்க் கடைகளிலிருந்தும் போகும்.

பெரியப்பா கடைக்கு முன்னால் ஒரு மண்பானை இருந்தது. வீட்டு வாசல்களில், மரத்தடிகளில், வழிப்போக்கருக்குக் குடிநீர் வைப்பது பர்மா முழுதும் உள்ள பழக்கம். பானையில் பெயர் பொறித்து நான் பார்த்ததில்லை. தினமும் கடை திறந்ததும் முதல் வேலையாகப் பழைய நீரைக் கொட்டி, உட்புறம் கைவிட்டுத் தேய்த்துக் கழுவி, புதுநீர் நிறைத்து, குவளையைக் கவிழ்த்து வைப்பார். சாம்பிராணி காட்டுவது அதற்குப் பிறகுதான். ஒருநாள் விடவில்லை நான். “இதுவும் சீட்டுத்தானே, பெரியப்பா?”

குவளையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “சீட்டாவது ஒன்றாவது. பக்கத்துக் கடைப் பானை நிறைந்திருக்கிறது. நம் பானை காலியாக இருந்தால் அசிங்கம் யாருக்கு?”

சொல்லி முடிக்கவில்லை, சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வந்து இரண்டு குவளை குடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போனார்.